துருவுக்குள் ஒரு வரலாறு

1948ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட்ரோவர் வண்டி அரங்கேறியது. அவ்வாண்டு ஜூன் திங்களில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 வரை நீடித்த அக்கொடிய காலத்தில், படையினரும் காவலரும் காட்டோரச் செம்மண் பாதைகளை இவ்வண்டியில் கடந்தனர். தோட்டத் துரைமார் பலரும் இதனை நாடினர். நம் முன்னோர் அதன் புழுதியில் நடந்தனர்.

போருக்குப்பின் இங்கிலாந்தில் எஃகு அரிதாயிருந்தமையால், வண்டியின் மேலுடலை அலுமினியக் கலவையால் அமைத்தனர், அடிச்சட்டகமோ எஃகு. ஆதலின் ஜொகூர் பாருவின் ஈரக்காற்றில் மேலுடல் பொலிவுடன் நிற்க, சட்டகம் உள்ளிருந்தே அரிக்கப்படும்.

எனவே இந்நகரில் இத்தகைய வண்டியைப் புதுப்பிக்கத் தொடங்குவோர் எடுத்தவுடன் வண்ணம் பூசலாகாது. சட்டகத்தைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தல் வேண்டும்; கணீரென ஒலித்தால் உறுதி, மந்தமாக ஒலித்தால் அரிப்பு. சட்டக எண்ணைக் குறித்துக்கொண்டு, கழற்றுமுன் ஒவ்வோர் உறுப்பையும் படமெடுத்தல் வேண்டும். பழைய வண்ணத்தை முழுவதும் சுரண்டாது, ஓர் ஓரத்தில் மட்டும் அடுக்கடுக்காகத் தேய்த்துப் பார்த்தால், படையின் பச்சையோ தோட்டத்தார் பூசிய நிறமோ வெளிப்படக்கூடும். அவ்வடுக்குகளே வண்டியின் ஆவணம். அவற்றை அழித்தால், அது யாருக்கு உழைத்தது என்று கூறும் சான்றொன்று அழியும்.

ஏட்டுச்சுவடியைப் படிக்குமுன் திருத்துவார் உண்டோ? பழைய வண்டியும் ஒரு சுவடியே. முதலில் படிப்போம், பின்னர்ப் பழுது பார்ப்போம்.