மூன்று தெரிந்தால் நான்காவது

சர்க்கார் உத்தியோகத்துக்கான போட்டிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த என் அண்ணன் மகள், ஒரு நாள் மாலை கணக்குப் புத்தகத்தோடு என்னிடம் வந்தாள். கதை எழுதுகிறவனிடம் கணக்குக் கேட்டு வருகிறவர்கள் அபூர்வம். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. 6 ஆட்கள் 12 நாளில் முடிக்கும் வேலையை 9 ஆட்கள் எத்தனை நாளில் முடிப்பார்கள் என்பது கேள்வி. அவள் 18 என்று போட்டிருந்தாள்.

"ஆள் கூடினால் நாள் கூடுமா, குறையுமா?" என்றேன்.

நாக்கைக் கடித்துக்கொண்டு 8 என்று திருத்தினாள்.

இந்த ஜாதிக் கணக்கு நம் நாட்டில் மிகப் பழையது. 499-ஆம் ஆண்டை ஒட்டி ஆரியபட்டர் இதற்கு விதி சொன்னார். 628-இல் பிரம்மகுப்தர் சொன்னார். திரைராசிகம் என்று பெயர். தெரிந்த மூன்று எண்களைக் கொண்டு தெரியாத நான்காவதைக் கண்டுபிடிப்பது. முதல் எண் பிரமாணம், அதற்குக் கிடைப்பது பலன், நாம் விரும்புவது இச்சை. இச்சையைப் பலனால் பெருக்கிப் பிரமாணத்தால் வகுத்தால் விடை வந்துவிடும். கணக்குக்குள்ளே ஆசைக்கும் பலனுக்கும் இடம் கொடுத்த நம் முன்னோர்களை எண்ணி வியக்காமல் இருக்க முடியவில்லை. ஐரோப்பிய வியாபாரிகளோ பிற்காலத்தில் இதைப் 'பொன் விதி' என்றே கொண்டாடினார்கள்.

1150-இல் 'லீலாவதி'யை இயற்றிய பாஸ்கரருக்கு இந்த விதியில் அபாரப் பிரேமை. இறைவன் உலகமெங்கும் நிறைந்திருப்பதுபோல் கணிதமெங்கும் திரைராசிகம் நிறைந்திருக்கிறது என்பது அவர் கருத்து. ஒரு நிஷ்கத்தில் ஏழில் மூன்று பங்குக்கு இரண்டரைப் பலம் குங்குமப்பூ கிடைத்தால், 9 நிஷ்கத்துக்கு எவ்வளவு என்று கேட்கிறார். ஐம்பத்திரண்டரைப் பலம்.

ஆனால் இச்சை கூடக் கூடப் பலன் குறையும் இடங்களும் உண்டு. அங்கே விதியைத் தலைகீழாக்க வேண்டும் என்று எச்சரிக்கிறார். என் அண்ணன் மகள் சறுக்கிய இடம் அதுதான். அதற்கு அவர் காட்டும் உதாரணங்களில் ஒன்று, உயிர்களின் வயதும் விலையும். 16 வயது அடிமைப் பெண்ணின் விலை 32 நிஷ்கம் என்றால், 20 வயதுப் பெண்ணின் விலை என்ன? அதை ஒட்டியே ஒரு எருதின் கணக்கும் வருகிறது.

லீலாவதி பாஸ்கரரின் மகள் என்றும், நீர்க் கடிகாரத்தில் ஒரு முத்து விழுந்து அடைத்ததால் முகூர்த்தம் தவறி அவளுடைய கல்யாணம் நின்றுபோயிற்று என்றும், அவளைத் தேற்றவே நூலுக்கு அவள் பெயரை வைத்தார் என்றும் ஒரு கதை உண்டு. 1587-இல் அக்பருக்காகப் பாரசீகத்தில் மொழிபெயர்த்த பைசி சொன்ன கதை அது, மூலத்தில் இல்லை. நிஜமோ பொய்யோ, ஒரு பெண்ணின் பெயரைத் தாங்கிய நூலில் இன்னொரு பெண்ணுக்கு விலை போட்டிருக்கிறது. பாஸ்கரரைக் கோபித்துப் பயனில்லை. தம் காலத்துச் சந்தையில் நடந்ததைத்தான் அவர் எழுதினார்.

அந்தக் கணக்கை அவளிடம் சொன்னேன். பென்சிலை எடுத்து, முப்பத்திரண்டைப் பதினாறால் பெருக்கி, இருபதால் வகுத்து, 25 நிஷ்கமும் ஐந்தில் மூன்று பங்கும் என்றாள். விடை சரி. அவளுக்கு இந்த ஆவணியோடு இருபது நிறைகிறது.

உள்ளே அண்ணி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். வயது ஏற ஏற நல்ல வரன் அமைவது கஷ்டம், வருஷத்துக்கு வருஷம் போட வேண்டிய நகையும் கூடிக்கொண்டே போகும் என்று அங்கலாய்ப்பது கூடம் வரை கேட்டது.

"அம்மா போடுவதும் இந்தக் கணக்குத்தானா, சித்தப்பா?"

திரைராசிகம் நான்காவது எண்ணைத் தப்பாமல் சொல்லும். முதல் மூன்றும் நியாயமா என்று கேட்காது. பரீட்சையில் நாமும் கேட்கக் கூடாது. கேட்டால் மார்க்குப் போய்விடும். வீட்டில் அவசியம் கேட்க வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். எழுந்து உள்ளே போய் அண்ணியிடம் அதைச் சொல்லத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை.