வீடியோ சுருக்கம்

வீடியோ சுருக்கம் என்பது நகரும் படத்தை, பார்ப்பவருக்குக் குறை தெரியாத அளவில், மிகக் குறைந்த பிட்களில் பதியும் நுட்பம். 1920×1080 புள்ளிகள் கொண்ட வண்ணப் படத்தை நொடிக்கு 25 பிரேம் வீதம் அப்படியே அனுப்பினால் நொடிக்குச் சுமார் 124 கோடி பிட்கள் ஆகும்.

அடுத்தடுத்த பிரேம்களில் மாறிய பகுதியை மட்டும் அனுப்பினால் போதும் என்பதை 1929-இலேயே ரே டேவிஸ் கெல் தம் காப்புரிமை விண்ணப்பத்தில் சொல்லியிருந்தார். இது இந்த நுட்பத்தின் ஒரு பாதி. இன்னொரு பாதி, பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோர் 1974-இல் வெளியிட்ட கொசைன் உருமாற்றம். இது 8×8 புள்ளிக் கட்டத்தை 64 எண்களாக மாற்றுகிறது. முதல் எண் கட்டத்தின் சராசரி ஒளி. கடைசி எண்கள் நுணுக்கமான கோடுகள். வெற்றுச் சுவரோ வானமோ என்றால் முதல் சில எண்களைத் தவிர மற்றவை சுழியை ஒட்டியே இருக்கும். அவற்றைத் துணிந்து விட்டுவிடலாம். இந்த ஆய்வுக்கு 1972-இல் அகமது கேட்ட அரசு நிதி கிடைக்கவில்லை. யோசனை மிக எளிமையாக இருக்கிறது என்று ஒரு மதிப்பீட்டாளர் கருதினாராம்.

இரண்டு பாதிகளும் 1988-இல் எச்.261 தரத்தில் சேர்ந்தன. 16×16 கட்டங்கள் பெரும்பாலும் முந்தைய பிரேமிலிருந்து கணிக்கப்படும். கணிப்பில் விழுந்த வித்தியாசம் மட்டும் உருமாற்றத்துக்குப் போகும். விசிடியின் எம்பெக்-1, டிவிடியின் எம்பெக்-2 எல்லாம் இதே அச்சில் வார்த்தவை.

2003-இல் வந்த எச்.264, எம்பெக்-2-க்குத் தேவைப்பட்ட பிட்களில் ஏறத்தாழ பாதியில் அதே படத்தரத்தைத் தந்தது. புதுக் கோட்பாடு எதுவும் அதில் இல்லை. கட்டங்கள் 4×4 வரை உடைந்தன. அசைவு கால் புள்ளி வரை அளக்கப்பட்டது. பல பழைய பிரேம்களிலிருந்து கணிக்க முடிந்தது. கட்ட ஓரங்களின் வெட்டு, அந்தப் பிரேம் அடுத்த கணிப்புக்குப் போகும் முன்பே மழுப்பப்பட்டது. சிறு சிறு மிச்சங்கள் சேர்ந்தே அந்தப் பாதி.

2013-இல் எச்.265, 2020-இல் எச்.266 அதே வழியில் சென்றன. அதே பிரேமின் பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு ஒரு கட்டத்தைக் கணிக்க எச்.264-இல் 9 வழிகள். பின்னவற்றில் 35, 67. குறியாக்கி இவற்றை முயன்று பார்த்து, பிட் செலவையும் படப் பிழையையும் ஒரே தராசில் நிறுத்தித் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆகவே மிச்சமான பிட்டுக்கு விலை கணக்கிடும் நேரம்தான். ஒருமுறை குறியாக்கிப் பலமுறை பார்க்கப்படும் திரைப்படத்துக்கு அது கட்டுபடியாகும், நேரலைக்குக் கடினம்.

எச்.265-இன் காப்புரிமைக் கட்டணம் பல குழுக்களிடம் சிதறிக் கிடந்தது. அதைத் தவிர்க்கவே 2015-இல் பெருநிறுவனங்கள் கூட்டணி அமைத்து, 2018-இல் கட்டணமற்ற ஏவி1-ஐ வெளியிட்டன. இவை வந்த பின்னும், கைப்பேசி முதல் தொலைக்காட்சி வரை ஏறத்தாழ எல்லாச் சில்லுகளுக்கும் படிக்கத் தெரிந்தது என்பதால் எச்.264 புழக்கத்தில் நீடித்தது.