ரவுண்ட்

ரவுண்ட்: 'வட்டமான' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்; லத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. இதன் பலவகைப் பொருள்களை இணைப்பது வட்ட வடிவம் என்பதைவிட, ஒரு முறை சுற்றி முடிக்கும் செயல் என்று கொள்வதே பொருத்தம். மருத்துவர் வார்டுகளைப் பார்த்து வருவதும், கோல்ஃபில் 18 குழிகளை ஆடி முடிப்பதும் ரவுண்டுதான். குத்துச்சண்டையின் பழைய விதிகளில் ஒருவர் கீழே விழும்வரை நீண்டது ஒரு ரவுண்ட். 1867இன் குவீன்ஸ்பெர்ரி விதிகள் அதை 3 நிமிடச் சண்டை, 1 நிமிட ஓய்வு என வரையறுத்தன. ('ரிங்' எனப்படும் அந்த மேடையோ சதுரம்!)

வடிவமே முதன்மை என்போர் 'ரவுண்ட் ராபின்' மனுவைக் காட்டலாம். முதலில் கையெழுத்திட்டவர் யாரெனத் தெரியாதபடி பெயர்களை வட்டமாக எழுதுவது அது. மறைந்த எழுத்தாளர் கோல்ட்ஸ்மித்தின் நினைவு வாசகம் லத்தீனில் வேண்டாம், ஆங்கிலத்தில் இருக்கட்டும் என்று பர்க், கிப்பன், ரெனால்ட்ஸ் முதலிய நண்பர்கள் 1776இல் அதை இயற்றிய சாமுவேல் ஜான்சனுக்கு அனுப்பியது இத்தகைய மனுவே; அவர் மசியவில்லை. வடிவமே முதன்மை என்ற வாதம் நியாயமானதுதான். ஆனால் இன்று விளையாட்டில் அதே பெயர், ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளோடும் மோதும் முறையைக் குறிக்கிறது. வட்டம் உதிர்ந்து சுற்று மட்டும் எஞ்சிவிட்டது. 'ரவுண்ட்' எண் மட்டுமே முரண்டு பிடிக்கிறது. 100, 1000 ஆகியவற்றில் வட்டமும் இல்லை, சுற்றும் இல்லை. குறைவின்றி நிறைந்தது என்ற பொருளே அங்கே பேசுகிறது.