களஞ்சியங்கள் பல, பணிப் பலகை ஒன்று

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை மட்டக்களப்பின் கரையோரத்தைத் தாக்கியபோது கல்லடி, நாவலடி, காத்தான்குடி எனத் தமிழ், முஸ்லிம் ஊர்கள் ஒருசேர அழிவைக் கண்டன. தொடர்ந்து வந்த வாரங்களில் நாடெங்கும் ஒரு குறைபாடு வெளிப்பட்டது. உதவிகள் வந்து குவிந்தன; ஆயினும் எந்த முகாமுக்கு எது தேவை, அதனை யார் பொறுப்பேற்றார், அது உரியவரிடம் போய்ச் சேர்ந்ததா என்ற விபரங்கள் பல்வேறு அமைப்புகளின் கைகளில் சிதறிக் கிடந்தன.

இச்சிதறலைச் சீர்செய்யவே இலங்கையின் மென்பொருள் துறைத் தொண்டர்கள் ‘சஹானா’ என்னும் மென்பொருளை எழுதினர். சிங்களத்தில் நிவாரணம் எனப் பொருள்படும் பெயர் அது. காணாமற்போனோர், நிவாரண அமைப்புகள், முகாம்கள், தேவைகள் ஆகியவற்றுக்கான பதிவேடுகளை அது ஓரிடத்திற் சேர்த்தது. 2005ஆம் ஆண்டு பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2010இல் ஹெயிட்டியிலும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதும் அதற்குக் கிடைத்தது.

காலப்போக்கில் சஹானாவும் கிளைவிட்டது. பீஎச்பி மொழியில் எழுதப்பட்ட கிளை ஒன்று, பைதன் மொழியில் எழுதப்பட்ட ‘ஈடன்’ இன்னொன்று என அதன் நிரல்கள் வெவ்வேறு களஞ்சியங்களில் வளர்ந்தன. நிரலையும் அதன் மாற்ற வரலாற்றையும் சேமிக்கும் இடமே களஞ்சியம். ஒவ்வொரு களஞ்சியத்துக்கும் தனித்தனியே ஒரு முறைப்பாட்டுப் பட்டியல் உண்டு. வழுக்களும் புதிய கோரிக்கைகளும் அங்கு பதிவாகின்றன. பிறருடைய பணிச் சிதறலைத் தீர்க்க முனைந்தவர்களும் தம் பணியில் அதே சிதறலைச் சந்திக்க நேர்வது மென்பொருள் உலகின் இயல்பாகும்.

வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் உள்ள பல்கலைக்கழகங்களில் கணினி கற்று வெளிவரும் இளைஞர்களுக்கு இது அந்நியமான விடயமன்று. வீட்டிலிருந்தபடியே பல வாடிக்கையாளருக்கு நிரல் எழுதுவோரும், ஓய்வு வேளையில் தமிழ் மென்பொருள்களுக்குத் தொண்டு செய்வோரும் ஒரே நாளில் ஐந்தாறு களஞ்சியங்களைத் திறந்து மூட வேண்டியிருக்கிறது. ஒன்றைக் கவனிக்கையில் மற்றொன்று மறந்து போகிறது.

இதற்கு உதவுவதே தனிநபர் பணிப் பலகை. இதன் மூலம் ஜப்பானில் உள்ளது. டொயோட்டா தொழிற்சாலைகளில் தாயிச்சி ஓனோ வகுத்த அட்டை முறையே ‘கன்பான்’. அறிவிப்புப் பலகை என்பது அச்சொல்லின் பொருள். 2000களின் நடுப்பகுதியில் டேவிட் ஆண்டர்சன் அதனை மென்பொருட் பணிக்குப் பொருத்தினார். ‘செய்யவேண்டியவை’, ‘செய்துகொண்டிருப்பவை’, ‘முடிந்தவை’ என மூன்று நிரல்கள் வரைந்து, ஒவ்வொரு பணியையும் ஓர் அட்டையாக்கி இடமிருந்து வலமாக நகர்த்துவதே அதன் எளிய வடிவம்.

2008இல் தொடங்கிய கிட்ஹப் தளம் 2016இல் இத்தகைய பலகையை அறிமுகப்படுத்தி, 2022இல் அதனைப் புதிய வடிவில் வெளியிட்டது. ஒருவர் தம் பெயரிலேயே ஒரு பலகையைத் தொடங்கி, பல களஞ்சியங்களின் முறைப்பாடுகளை அதிற் சேர்க்கலாம். முறைப்பாடு அதன் சொந்தக் களஞ்சியத்திலேயே இருக்கும். பலகையில் தெரிவது அதன் அட்டை மாத்திரமே. அங்கே முறைப்பாடு மூடப்பட்டால், இங்கே அட்டை தானாகவே ‘முடிந்தவை’க்குச் செல்லுமாறு அமைக்கலாம். எனவே ஒரே செய்தியை இரண்டு இடங்களில் எழுதிப் பிழைபட வேண்டியதில்லை. பலகையைப் பிறர் காணாதவாறும் வைத்திருக்கலாம். வாடிக்கையாளரின் இரகசியம் காக்க இது இன்றியமையாதது.

எனினும் பலகை தானாக வேலை செய்வதில்லை. மூன்று ஒழுங்குகள் தேவை என்பது நமது கருத்து. முதலாவது, கண்ணிற்பட்ட எல்லாவற்றையும் சேர்க்காமல், தாம் பொறுப்பேற்றவற்றை மட்டுமே சேர்த்தல். இரண்டாவது, ‘செய்துகொண்டிருப்பவை’ நிரலுக்கு இரண்டு அல்லது மூன்று என ஓர் எல்லை வகுத்தல். கிட்ஹப் பலகையில் இவ்வெல்லையைக் குறிக்கலாம். மீறினால் அது காட்டுமேயன்றித் தடுக்காது. கட்டுப்பாடு நம் கையிலேயே இருக்கிறது. மூன்றாவது, வாரம் ஒருமுறையேனும் பலகையை மீளாய்வு செய்து, செய்ய இயலாததை ‘இயலாது’ என்று முறைப்பாட்டாளருக்கு அறிவித்துவிடுதல்.

இம்மூன்றாவதே பெரும்பாலும் கைவிடப்படுகிறது. தமிழ் எழுத்து உடைந்து தெரிகிறது என்றோ, படிவத்தில் பெயரைப் பதிய முடியவில்லை என்றோ ஒருவர் எழுதும் முறைப்பாட்டின் மறுமுனையில் ஒரு மனிதர் காத்திருக்கிறார். ஏற்றுக்கொண்ட பணி ஓர் அமானிதம். அதனை மறந்துவிடுவது மறுப்பதைவிடத் தீது. மறுக்கப்பட்டவர் வேறு வழி தேடிக்கொள்வார். மறக்கப்பட்டவரோ காத்துக்கொண்டே இருப்பார்.

ஆழிப்பேரலைக் காலத்தில் நாம் கற்ற பாடமும் இதுவே. யாருக்கு எது தேவை, யார் பொறுப்பு, முடிந்ததா என்ற மூன்று கேள்விகளுக்கும் ஓரிடத்தில் விடை இருத்தல் வேண்டும். நிவாரண முகாமுக்குப் பொருந்திய இவ்விதி, நிரல் எழுதும் இளைஞரின் மேசைக்கும் பொருந்தும்.