எண்கள் கூறும் சாட்சியம்: ஃபலஸ்தீன் மக்கள்தொகை வரலாறு

ஒரு நிலத்தின் உரிமை பற்றிய வழக்கு எழும்போது, அங்கு யார் வாழ்ந்தனர், எத்தனை பேர் வாழ்ந்தனர் என்னும் வினாக்களே முன்னிற்கின்றன. ஃபலஸ்தீன் மக்களற்ற நிலமாகக் கிடந்தது என்றும், அரபுகள் பிற்காலத்தில் பிழைப்புத் தேடி அங்கு வந்தவர்களே என்றும் கூறுவோர் இன்றும் உளர். எனவே ஆவணங்கள் கூறுவது யாதென நாம் ஆராய்தல் தகும்.

உஸ்மானியர் காலத்துப் பதிவேடுகள் வரிக்காகவும் படைச்சேர்ப்பிற்காகவும் எழுதப்பட்டவை. அவை முழுமையானவை அல்ல. ஆயினும் மக்களுள் மிகப் பெரும்பாலோர் அரபு முஸ்லிம்கள் என்பதும், கிறித்தவரும் யூதரும் அவர்களுடன் வாழ்ந்தனர் என்பதும் அவற்றால் ஐயமின்றித் தெரிகின்றன. ஜெரூசலம், அல்கலீல், ஸஃபத், தபரிய்யா ஆகிய நான்கு நகரங்களில் யூதர் நெடுங்காலமாக வாழ்ந்து வந்தனர். 1492-இல் ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட யூதர்களுக்கு அடைக்கலம் அளித்ததும் உஸ்மானியப் பேரரசே. 1882-இல் தொடங்கிய ஐரோப்பியக் குடியேற்றம் இதனின்றும் வேறுபட்டது. அது காலப்போக்கில் ஓர் அரசை நாடிய இயக்கமாயிற்று.

1917-இல் வெளியான பால்ஃபர் பிரகடனம், நாட்டு மக்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கினரை 'யூதரல்லாத சமூகங்கள்' என்றே குறிப்பிட்டது. அரபுகள் என்னும் பெயர் அதில் இடம்பெறவே இல்லை.

1922-இல் பிரிட்டிஷார் எடுத்த முதற் கணக்கெடுப்பில் மொத்த மக்கள் 7,57,182 பேர். அவர்களுள் முஸ்லிம்கள் 5,90,890; யூதர் சுமார் 84 ஆயிரம், அதாவது 11 சதவீதம். 1931-இல் முஸ்லிம்கள் சுமார் 7 லட்சத்து 60 ஆயிரமாகவும், யூதர் சுமார் 1 லட்சத்து 75 ஆயிரமாகவும் பெருகினர். இரு வளர்ச்சிக்கும் காரணங்கள் வேறு. முஸ்லிம்களிடையே பிறப்பு விகிதம் உயர்வாக இருக்க, இறப்பு விகிதம் குறைந்து வந்தது. யூதர் பெருக்கத்திற்குக் குடியேற்றமே முதற் காரணம்.

அரபுகளே வந்தேறிகள் என்னும் வாதத்தை 1984-இல் ஜோன் பீட்டர்ஸ் ஒரு பெருநூலாக எழுதினார். அதன் ஆதாரங்கள் பிழையானவை என்பதை நார்மன் ஃபிங்கல்ஸ்டைன் எடுத்துக்காட்டினார். இஸ்ரேலிய வரலாற்றாசிரியர் யெஹோஷுவா பொராத்தும் அந்நூலைக் கடுமையாக மறுத்தார். மறுத்த இருவரும் யூதர்களே என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் குடியேற்றம் வேகமுற்றது. 1935-இல் மட்டும் 60 ஆயிரத்திற்கும் மேற்பட்ட யூதர் வந்தனர். உயிர் தப்பி வந்தோரின் துயரை நாம் மறுப்பதற்கில்லை. 1938-இல் எவியான் மாநாட்டில் கூடிய நாடுகளில் பெரும்பாலானவை அவர்களுக்குக் கதவடைத்தன. ஐரோப்பா இழைத்த குற்றத்திற்கு ஃபலஸ்தீன மக்கள் விலை கொடுக்க நேர்ந்தது.

1946 இறுதியில் அரபுகள் சுமார் 12 லட்சம். யூதர் சுமார் 6 லட்சம். 1947-இல் ஐ.நா. சிறப்புக் குழு பரிந்துரைத்த யூத அரசின் எல்லைக்குள்ளேயே 4,98,000 யூதரும், நாடோடி பதவியரைச் சேர்க்காமல் 4,07,000 அரபுகளும் இருந்தனர். யூதப் பெரும்பான்மை அங்கு மிக மெலிந்ததாகவே இருந்தது. 1948 போரில் 7 லட்சத்திற்கும் மேற்பட்ட ஃபலஸ்தீனியர் விரட்டப்பட்டனர் அல்லது அஞ்சி வெளியேறினர். அப்பரிந்துரையினும் விரிந்த எல்லை கொண்ட இஸ்ரேலில் எஞ்சிய அரபுகள் ஏறத்தாழ 1,56,000 பேரே. ஒரு நூற்றாண்டுப் பிறப்பு இறப்புகள் செய்யவியலாத மாற்றத்தை ஒரு போர் செய்து முடித்தது.

வெளியேறியோர் திரும்புதல் குறித்து ஐ.நா. 1948 டிசம்பரில் இயற்றிய 194-ஆம் தீர்மானம் ஏட்டளவிலேயே நின்றது. 1950-இல் இஸ்ரேல் இயற்றிய 'திரும்பும் சட்டம்' உலக யூதர் அனைவருக்கும் வாயில் திறந்தது. ஈராக், யமன் முதலிய நாடுகளில் நூற்றாண்டுகளாக வாழ்ந்த யூதரும் இக்காலத்தே வேரோடு பெயர்ந்தனர். அரபு நாடுகளில் அவர்களுக்கு நேர்ந்த இன்னல்களையும் நாம் மறைத்தலாகாது.

2022 இறுதியில், ஜோர்தான் நதிக்கும் கடலுக்கும் இடையே ஃபலஸ்தீனியரும் யூதரும் தலா சுமார் 71 லட்சம் பேர் என ஃபலஸ்தீனப் புள்ளியியல் துறை மதிப்பிட்டது. 2023 அக்டோபரில் தொடங்கிய போரின் விளைவாக, 2024 இறுதிக்குள் காஸாவின் மக்கள்தொகை சுமார் 6 சதவீதம் குறைந்ததாகவும் அத்துறை கணித்தது.

எண்ணிக்கை மிகுதி மட்டுமே நீதியாகிவிடாது. ஆனால் இருந்தோரை இல்லாதோர் என்று எழுதுவது அநீதியாகும். நமக்கே பாதகமாயினும் நீதிக்குச் சாட்சி பகரப் பணிக்கப்பட்ட சமுதாயத்தினராகிய நாம், இக்கணக்குகளைக் கூட்டாமலும் குறைக்காமலும் அடுத்த தலைமுறைக்குச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.