உறுதிப்பூசுதல் தயாரிப்பு (அமெரிக்கப் பங்குகள்)

கத்தோலிக்கத் திருச்சபையின் ஏழு அருளடையாளங்களுள் ஒன்று உறுதிப்பூசுதல். திருமுழுக்கில் பெற்ற அருளை இது நிறைவாக்குகிறது. அமெரிக்காவின் லத்தீன் வழிபாட்டு முறையினர் இதைப் பெறும் வயதை, விவரம் அறியும் பருவம் முதல் ஏறத்தாழ 16 வரை என அந்நாட்டு ஆயர் பேரவை வரையறுத்தது. அவ்விதி 2002 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது.

பல மறைமாவட்டங்கள் பதின்பருவத்தையே தேர்ந்ததால், தயாரிப்பில் பங்கின் இளைஞர் பணிக்குழுவுக்குப் பெரும் பங்கு உண்டு. மறைக்கல்வி வகுப்பு, சிறுகுழு உரையாடல், வார இறுதித் தியானம், முதியோர் இல்லச் சேவை எனப் பயிற்சி நடக்கிறது. பலர் ஒரு புனிதரின் வாழ்வைப் படித்து அவர் பெயரை ஏற்கிறார்கள். 15 வயதில் மறைந்து, 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அகுதிஸ் இவ்வயதினருக்கு மிக நெருக்கமானவர்.

சடங்கில் ஞானப்பெற்றோர் பிள்ளையின் தோளில் வலக்கை வைத்து நிற்க, ஆயர் கிறிஸ்மா தைலத்தால் நெற்றியில் சிலுவை வரைகிறார்.

இத்துடன் வகுப்பும் கோவிலும் முடிந்ததெனப் பிள்ளைகள் விலகுவது பங்குகளின் பெருங்கவலை. அவர்களைத் தக்கவைக்கத் தொடர் இளைஞர் பணி கட்டாயம் தேவை. டென்வர் உயர்மறைமாவட்டம் 2015இல் வேறு வழியை அறிவித்தது: மூன்றாம் வகுப்பிலேயே, முதல் நற்கருணைக்கு முன்பாக உறுதிப்பூசுதல்.