வெட்டும் இரும்பு, உட்காரும் ஆஸ்மியம்: டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. வடிவறிதலில் உலோக அணைவுச் சேர்மங்கள்

1. பொருள்

டி.என்.ஏ.வின் எழுத்து வரிசை தெரிந்துவிட்டால் அதன் வடிவம் தெரிந்ததாகாது. இழை எங்கே மடிகிறது, புரதம் எங்கே பற்றியிருக்கிறது என்பதற்குத் தனிக் கருவி வேண்டும். அணைவுச் சேர்மங்களில் சில இழையை வெட்டிக் காட்டும். சில இழையில் உட்கார்ந்து காட்டும்.

2. வெட்டுவன

1986இல் டல்லியஸ், டோம்ப்ராஸ்கி என்ற ஆய்வாளர்கள் ஈ.டி.டி.ஏ. பிடித்த இரும்பைக் கையாண்டார்கள். எதிர்மின் சுமை கொண்ட அது டி.என்.ஏ.வை அண்டுவதில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடும் வைட்டமின் சியும் சேர்த்தால் அதிலிருந்து பிறக்கும் ஹைட்ராக்சில் தனி உறுப்புதான் போய் இழையின் சர்க்கரையைத் தாக்கி அறுக்கிறது. புரதம் மூடிய இடம் மட்டும் தப்பும். அறுந்த துண்டுகளை ஜெல்லில் நீளவாரியாகப் பிரித்தால் அவ்விடம் வெறுமையாகத் தெரியும். மடிந்த ஆர்.என்.ஏ.வின் உட்புறமும் இப்படியே தப்பும்.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் பராந்தக சோழன் காலக் கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். ஈரத்தாளைக் கல்லில் அறைந்து மை ஒற்றினால் பள்ளத்தில் மை ஏறாது. வெளுத்து நிற்பதே எழுத்து.

3. உட்காருவன

உட்காரும் சேர்மங்கள் உதவுவது எக்ஸ் கதிர்ப் படிகவியலில். படிகத்தில் சிதறும் எக்ஸ் கதிரின் செறிவை அளக்கலாம், அலையின் கட்டத்தை அளக்க முடியாது, கட்டமின்றிப் படமில்லை. கனத்த அணுவின் முரண்சிதறலிலிருந்து கட்டத்தைக் கணிக்கும் வழியொன்றை 1956இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் எஸ். ராமனும் வகுத்தார்கள்.

ஆர்.என்.ஏ.வில் கனத்த அணுவை எங்கே வைப்பது? அங்கே இயல்பாகக் குடியிருப்பது ஆறு நீர் மூலக்கூறு சூழ்ந்த மக்னீசியம். ஆறு அம்மோனியா சூழ்ந்த ஆஸ்மியம் அளவிலும் வடிவிலும் அதை ஒத்திருப்பதால் அதே இருக்கையில் அமர்ந்துவிடும். 1996இல் ஜேமி கேட், ஜெனிபர் டௌட்னா குழு வினையூக்கும் ஆர்.என்.ஏ.வான ரைபோசைம் ஒன்றின் 160 நியூக்ளியோடைடு கொண்ட பகுதியை இப்படித்தான் தீர்த்தது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2000இல் கேம்பிரிட்ஜில் ரைபோசோமின் 30எஸ் துணையலகைச் சுமார் 3 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் வெளியிட்டபோதும் ஆஸ்மியம் கைகொடுத்தது. 2009இல் நோபல்.

4. எல்லை

திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பழனியாண்டவர் குழு தாமிர, ருத்தேனியச் சேர்மங்கள் டி.என்.ஏ.வோடு பிணைவதை விரிவாக ஆராய்ந்தது. இத்துறையில் பொதுவாக, கன்றின் தைமஸ் டி.என்.ஏ.வைச் சேர்த்து நிறமாலை மாற்றம் அளந்து பிணைப்பு மாறிலி தருவதோடு பல கட்டுரைகள் முடிந்துவிடுகின்றன. எவ்வளவு இறுக்கம் என்று அந்த எண் சொல்லும். எங்கே என்று சொல்லாது.

அந்த ‘எங்கே’யைத் தீர்ப்பதும் எளிதல்ல. தண்ணீரில் ஒளிராமல் டி.என்.ஏ.வில் மட்டும் ஒளிரும் ருத்தேனியச் சேர்மத்தை ஜாக்குலின் பார்ட்டன் குழு 1990இல் அறிவித்தது. அவ்வகைச் சேர்மம் டி.என்.ஏ. சுருளின் அகன்ற பள்ளம் வழியே நுழைகிறதா, குறுகிய பள்ளம் வழியேயா என்ற வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 2012இல் வெளிவந்த படிக அமைப்புகளில் அது குறுகிய பள்ளத்தில் செருகியிருந்தது.